ஒரு கூடை நெத்தோலி

பச்சைச் சைவமான சிவானந்தம் அன்று காலையில் மீன் வாங்கினார். அதுவும் கொஞ்சநஞ்சமல்ல, சிசிலியின் கூடையிலிருந்த நெத்தோலி மொத்தமும்.

பாறசாலைக்குப் பக்கத்து அந்த ஊர் வாசகசாலைக்குப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் டேப்ரிக்கார்டரோடு வருகிற நாள் அது. ஊரின் பழைய கதைகளை ஊர்க்காரர்கள் வாயாலேயே பதிவு செய்யப் போகிறார்கள்.

'யார் வேண்டுமானாலும் பேசலாம்' என்று நோட்டீஸ் ஒட்டியதே வாசகசாலைத் தலைவர் சிவானந்தம்தான். காலரா வருஷத்துக் கதையை நான் பேசுகிறேன் என்று மீன்காரி சிசிலி வந்து நின்ற பிறகு அவருக்கு உறக்கமில்லை.

அந்த வருஷம் கடற்கரையிலிருந்து பட்டினியோடு ஓடிவந்த சனங்களைக் கண்டு, அவருடைய அப்பா வீட்டு கேட்டைப் பூட்டிவிட்டார். ஊருக்கே தெரிந்த சங்கதி. ஆனால் இதுவரை எந்த டேப்பிலும் ஏறவில்லை.

"புரொபசருக்கு நெத்தோலித் தோரன்னா உயிராக்கும். வாசகசாலைக்கு அடுத்தாப்ல விலாசினி வீட்டுல சமையல். நீயே இருந்து ஆய்ஞ்சு கொடு சிசிலி. ஒரு தலை விடாம கிள்ளணும், கேட்டியா?"

"அப்போ நான் பேசாண்டாமா சாரே?"

"ஆளு விட்டுக் கூப்பிடுவேன்."

நெத்தோலி ஆய்ந்தவர்களுக்குத் தெரியும், அது சட்டென்று தீருகிற வேலையில்லை. சிசிலி பேசுவதற்கென்று, வேளாங்கண்ணித் திருநாளுக்கு மட்டும் எடுக்கிற சேலையை உடுத்து வந்திருந்தாள். மீன் தண்ணி படாமல் அதைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ரேடியோவில் நியூஸ் வாசிக்கவா இந்த உடுப்பு என்று விலாசினி கிண்டலடித்தாள்.

வாசகசாலையில் சிவானந்தம் பேசினார். கேட்டைத் திறந்துவிட்டு ஊருக்கே சோறு போட்ட அப்பாவைப் பற்றி. அப்பாவின் குதிரை வண்டியைப் பற்றி. குதிரையின் நிறத்தைப் பற்றி. கேசட் தீர்ந்தது, அடுத்ததைப் போட்டார்கள். அத்தான் சொன்னதெல்லாம் சரிதான் என்று அவர் மச்சான் கேசட்டின் ஒரு பக்கம் முழுக்கப் பேசினார்.

இத்தனை ஒற்றுமையான சாட்சியம் ஆராய்ச்சியில் கிடைப்பது அபூர்வம் என்று புரொபசர் நெகிழ்ந்து போனார்.

ஆய்ந்தவரைக்கும் எடுத்து விலாசினி தேங்காய் துருவிப் போட்டுத் தோரன் வைத்தாள். எல்லாரும் சாப்பிட்டு ஜீப்பும் கிளம்பிப் போனபோது, சிசிலி அப்போதுதான் கூடையின் அடியைத் தொட்டிருந்தாள்.

கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அடடா, கேசட் தீர்ந்து போச்சே சிசிலி," என்றார் சிவானந்தம். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ என்ன சொல்ல இருந்தே? கேட்டைப் பூட்டினதையா?" என்றார்.

"அது ஊருக்கே தெரிஞ்சதுல்லா சாரே. அதைப் பறைய டேப் எதுக்கு? பின் மதிலு வழியா உங்களுக்க அம்மை தெனமும் எங்களுக்குக் கஞ்சி தந்தாவ. அது ஒருத்தருக்கும் தெரியாது. உங்க அப்பாவுக்கும் தெரியாது. நீங்க அப்போ தொட்டில்ல கெடந்திய. அந்தக் கஞ்சியக் குடிச்சாக்கும் நாங்க உயிரோட கெடந்தோம்."

சிவானந்தம் ஜீப் போன ரோட்டைப் பார்த்தார்.

"அவிய பேரு கூட எங்களுக்குத் தெரியாது. போட்டும்," என்றாள் சிசிலி. "இத்தனை நேரம் பேசினியளே, அம்மைக்க பேரை நீங்க சொல்லியிருப்பியளே சாரே?"