இறங்கிப் போகும் ஏர் சீட்டு

"தம்பி, சீட்டை விட்டு இறங்கிடாதீங்க. மேல ஆள் உட்கார்ந்தாத்தான் காத்து எங்கே கசியுதுன்னு தெரியும்."

லாரி கேபினுக்குள் தலையை நுழைத்து, சீட்டுக்கு அடியில் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார் மெக்கானிக். மேலே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் மாப்பிள்ளை. இடுப்பில் டாக்டர் கட்டச் சொன்ன பெல்ட்.

மாப்பிள்ளை என்பது ஷெட்டில் வைத்த பெயர். ஒரே லாரியில் மாமனாரும் மருமகனும் சேர்ந்தே போய், மாற்றி மாற்றி ஓட்டினால் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

"ஆரம்பத்துல சோபா மாதிரி இருந்துச்சுண்ணே. குண்டு குழியில விழுந்தாக்கூடத் தெரியாது. இப்ப நான் உட்கார்ந்த கொஞ்ச நேரத்துல புஸ்ஸுன்னு இறங்கிடுது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் டங்கு டங்குன்னு இடி. இடுப்பு கழண்டு கையில வந்துடும்போல இருக்கு."

"உங்க மாமா ஓட்டும்போது?"

"அதுதாண்ணே வேடிக்கை! அவருக்கு மட்டும் கிண்ணுன்னு நிக்குது. கேட்டா, 'உங்க உடம்பு கனம் மாப்ளே'ன்னு சிரிக்கிறார்."

மெக்கானிக் சீட்டைத் தாங்கும் காற்றுப் பையைச் சுற்றிலும் நனைத்தார். ஒரு குமிழி இல்லை. சீட்டை ஏற்றி இறக்கும் வால்விலும் இல்லை. பையோடு ஹோஸ் சேரும் இடத்தில் பீய்ச்சினாரோ இல்லையோ, பொசபொசவென்று நுரை பொங்கியது.

"மாட்டிக்கிச்சு! நட்டு லூசு. இதுக்குப் போய் இத்தனை நாளா இடி வாங்கினீங்களா?"

துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தவரின் முகம் மாறியது.

"என்னண்ணே?"

"தம்பி... இது தானா லூசாகல. சுத்தி ஸ்பானர் போட்டுத் தேஞ்ச தடம். யாரோ இதைத் தளர்த்துறதும் முறுக்குறதுமா இருந்திருக்காங்க."

மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தச் சீட்டில் உட்காருவதே ரெண்டு பேர்தான். அதில் ஒருத்தன் அவன்.

அடப் பாவி மனுஷா! ஒவ்வொரு தடவையும் வண்டியை ஒப்படைக்கும்முன், "கேபினைக் கொஞ்சம் துடைச்சுட்டு வர்றேன்" என்று பின்தங்குவாரே, இதற்குத்தானா? பெண்ணைக் கொடுத்தவரே இடுப்பை ஒடித்தால் இதை வெளியே சொல்லவா முடியும்?

நினைத்து முடிக்கவில்லை, தோளில் துண்டோடு மாமனாரே வந்து நின்றார்.

"என்ன மாப்ளே, சொல்லாம வண்டியை இங்கே கொண்டு வந்துட்டீங்க?"

"இந்த நட்டைத் தளர்த்தினது யாரு மாமா?"

மாமனார் நட்டைப் பார்த்தார். மெக்கானிக்கைப் பார்த்தார்.

"நான்தான்."

சத்தியம் செய்வார், சண்டைக்கு வருவார் என்றுதான் மாப்பிள்ளை காத்திருந்தான்.

"நீங்களா? எதுக்கு?"

"உங்க மேல ஒரு கடுப்பு. நீங்க சொகுசா ஓட்டுறது பிடிக்கல. போதுமா?"

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டார். "பெரியவரே, நீங்களெல்லாம் ஒரு மனுஷனா? இடுப்பு போச்சுன்னா அந்தப் பையன் கதி என்ன?"

"தப்புதான்" என்றார் மாமனார், தலையைக் குனிந்துகொண்டு.

"கைக்குழந்தையோட இருக்கிற உங்க பொண்ணையாவது நினைச்சுப் பார்த்தீங்களா?" மாப்பிள்ளை கத்தினான். "இப்பவே முதலாளிகிட்டப் போறேன். இனி உங்களோட ஒரே வண்டியில ஏறமாட்டேன். வீட்டுலயும் உங்க முகத்துல முழிக்க மாட்டேன்!"

"முதலாளிகிட்ட வேணாம் மாப்ளே." மாமனார் முகம் வெளிறிப் போயிற்று. "உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

"இப்ப பயமா இருக்கா?"

"ஆமா. ரொம்ப."

நட்டை இறுக்கிவிட்டு, "சீ" என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கை கழுவப் போனார் மெக்கானிக். அவர் ஷெட்டின் கோடிக்குப் போகும்வரை காத்திருந்த மாமனார், கேபினில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

"மெக்கானிக் முதலாளிக்குச் சொந்தக்காரர். அவர் காதுல விழுந்தா உங்க வேலை போயிடும். அதான் வாயில வந்ததைச் சொல்லிவச்சேன்."

"என் வேலையா? தப்பு பண்ணினது நீங்க!"

"ராத்திரியெல்லாம் குழந்தை உங்களைத் தூங்க விடறதில்ல. லீவு போடுங்கன்னேன், கேட்கல. உங்க முறையையும் நானே ஓட்டுறேன்னேன், 'எனக்கு ஓட்டத் தெரியாதா'ன்னு எகிறினீங்க. சீட்டு இடிச்சுக்கிட்டே இருந்தா முழிச்சிருப்பீங்கன்னு நினைச்சேன். இடுப்புக்கே உலை வைக்கும்னு தெரியாது. அது என் முட்டாள்தனம்."

"நான் எப்ப மாமா வண்டியில தூங்கினேன்? சும்மா கதை விடாதீங்க!"

"போன மாசம் மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு கிளம்பினோமே... ஆத்துப் பாலத்தைத் தாண்டினதும் உங்க தோளைத் தட்டி, டீக்கு நிறுத்தச் சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"பாலத்துல ஏறினது ஞாபகம் இருக்கா?"

மாப்பிள்ளை வாயைத் திறந்தான். யோசித்தான். சாப்பிட்டது ஞாபகம் வந்தது. டீக்கடை ஞாபகம் வந்தது. நடுவில் பாலம் வரவே இல்லை.

"அந்தப் பாலம் முடியிற வரைக்கும், பின்னாடி படுக்கையிலிருந்து எட்டி ஸ்டீயரிங்கைப் பிடிச்சிருந்தது நான், மாப்ளே. உங்க கண்ணு ரெண்டும் மூடியிருந்துச்சு."