குளத்துமாடனின் முகம்

"இது மாடன் இல்லை. புத்தர்."

பீடத்துச் சிலையைக் காட்டிக் கண்ணாடிக்காரர் சொன்னதும் இலத்தூர்க் குளக்கரையில் மேளம் நின்றது. குளத்துமாடன் கோயில் கொடைவிழாவுக்குத் தலைமை பார்க்கும் பரமசிவன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருவே நீரு?"

"மதுரையிலிருந்து வர்றேன். பழைய சிலைகளைப் பத்தி ஆராய்ச்சி பண்றவன்."

ஆளும் அப்படித்தான் இருந்தார். தடித்த கண்ணாடி, சிவந்த கண்கள், தூங்கிப் பல நாள் ஆன முகம். ரொம்பப் படித்தவர் போல என்று கூட்டம் நினைத்துக்கொண்டது.

பரமசிவனின் தம்பி பெண்டாட்டி செண்பகவல்லி கிடாயின் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். புருஷன் சாகுமுன் குளத்துமாடனுக்கு நேர்ந்துவிட்ட கிடா. அவன் போன பிறகு, வேலை முடிந்து அவள் வீட்டுக்கு வந்தால் எழுந்து நின்று பார்க்கிற உயிர் அது ஒன்றுதான். இன்றைக்கு அதை வெட்டுகிறார்கள். கூடாது என்று அவளால் சொல்ல முடியாது. சொல்லிவிட்டால், அதன் பிறகு ஊரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அவள் தலையில்தான் விழும்.

"புத்தர்னா யாரு? எந்த ஊர்க்காரரு?" என்றார் அரிவாளோடு நின்ற சாமியாடி.

"வடக்கே ஒரு ராஜா வீட்டுப் பிள்ளை. ஒருநாள் கிழவனைப் பார்த்தார், நோயாளியைப் பார்த்தார், பிணத்தைப் பார்த்தார். எல்லாருக்கும் கடைசியில இதுதானான்னு மனசு விட்டுப்போச்சு. ராத்திரியோட ராத்திரியா பெண்டாட்டி பிள்ளையை விட்டுட்டுக் கிளம்பிட்டார்."

"நம்மூர்ல பாதிப்பேரு அப்படித்தான் துபாய்க்குப் போயிருக்கான்," என்றான் மேளக்காரன்.

"இவர் சம்பாதிக்கப் போகலை. மனுசனுக்குத் துன்பம் எதனால வருதுன்னு தேடிப் போனார். அரச மரத்தடியில உட்கார்ந்து கண்டுபிடிச்சார். ஆசைதான் காரணம்."

"அதுக்கு எதுக்கு மரத்தடி? என் பொண்டாட்டி அடுப்படியில இருந்தே தெனமும் சொல்லுதா."

கண்ணாடிக்காரர் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். "அஞ்சு காரியம் கூடாதுன்னு சொன்னார். உயிரைக் கொல்லக் கூடாது. திருடக் கூடாது. முறைதவறி நடக்கக் கூடாது. பொய் சொல்லக் கூடாது. குடிக்கக் கூடாது."

சாமியாடி பீடத்தில் இருந்த பிராந்தி பாட்டிலைப் பார்த்தார். "அப்ப வருஷா வருஷம் இவருக்குப் படைச்சது?"

"அதை அவரா குடிச்சார்?"

சாமியாடி அரிவாளை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

செண்பகவல்லி வாயைத் திறந்தாள். "அத்தான், உங்க தம்பி நேந்த கிடா. வெட்டாம விட்டா ஊருக்கு ஆகுமா?"

"கேட்டீரா?" என்றார் பரமசிவன். "இது புத்தர்னு என்னவே அத்தாட்சி?"

பார்த்துச் சொல்ல வழியில்லை. தலைமுறை தலைமுறையாக ஊற்றிய எண்ணெயும் அப்பிய மஞ்சணைச் சாந்தும் தார் போல இறுகிக் கிடந்தன. அதற்கு மேல் பட்டுத் துணி. குளத்துமாடனின் முகத்தை ஊரில் உயிரோடு இருக்கும் யாரும் பார்த்ததில்லை.

"உள்ளே காது நீளமா இருக்கும்," என்றார் கண்ணாடிக்காரர். "முடி சுருள் சுருளா இருக்கும். காலை மடிச்சு உட்கார்ந்து, மடியில கை மேல கை வச்சிருப்பார். மாடன்னா கையில ஆயுதம் இருக்கணும். இவர் கையில ஒண்ணும் இருக்காது."

"அப்ப கழுவிப் பாத்துருவோம்."

கண்ணாடிக்காரர் திடுக்கிட்டார். "வேண்டாங்க. பழைய கல்லு. சேதமாயிரும்."

"கல்லுதானவே. ஏலே, வெந்நியும் சீயக்காயும் கொண்டா."

தேங்காய் நாரை அவர் கையிலேயே கொடுத்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு தேய்த்தார். எண்ணெய் பாளம் பாளமாகக் கழன்றது. முதலில் ஒரு காது வந்தது. தோளைத் தொடும் காது. அப்புறம் சுருள் முடி. மூடிய கண்கள். மடித்த கால்களின் மேல் இரண்டு கைகள், ஒன்றின் மேல் ஒன்றாக. அவற்றில் எதுவும் இல்லை.

நாரைக் கீழே போட்டுவிட்டு அவர் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மனுசனுக்கு சந்தோஷத்தப் பாரு," என்றான் மேளக்காரன்.

பரமசிவன் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வசூல், பந்தல், சண்டை என்று ஒரு மாதமாக அலைந்தவர். "நல்லா ஓய்வா இருக்காரு," என்றார். பிறகு சாமியாடியிடமிருந்து அரிவாளை வாங்கி ஓரமாகச் சாய்த்து வைத்தார்.

"பொங்கல் மட்டும் வைங்க. செண்பகம், கிடாய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

பாட்டில் எப்போது காணாமல் போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் கண்ணாடிக்காரர் தனியாக உட்கார்ந்திருந்தார். செண்பகவல்லி கிடாயோடு வந்தாள். அது அவள் முந்தானையை மென்றுகொண்டே வந்தது.

"கண்ணாடியத் தாங்க அண்ணாச்சி. ரூம்ல மறந்துவச்சுட்டுப் போனவன் தேடி வந்தாலும் வருவான்."

அவள் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறை கூட்டுகிறவள். அதே லாட்ஜில் இரவுக் காவல் பார்க்கும் ஏசுவடியான், பையிலிருந்து கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார்.

"ரெண்டு வீடியோ பாத்துட்டு எம்புட்டுப் பேச்சு," என்றாள். "கிடா வேண்டாம்னு சொல்லுத சாமி ஒண்ணைப் பிடிச்சுட்டு வாங்கன்னுதான் கேட்டேன். எண்ணெய்க்குள்ள புத்தர் இருக்காருன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஏசுவடியான் நகக்கண்ணில் ஒட்டியிருந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு எங்க தாயி தெரியும்," என்றார். "நான் பொய்தான சொன்னேன்."