மேய்ச்சல் நிலத்து வீடு

எங்கள் ஊரையும் சேர்த்து மூன்று ஊராட்சிகள் ஒரே கணினி வரைபடத்துக்கு மாறிய நாள் முதல் எங்கள் வீடு அதில் மேய்ச்சல் புறம்போக்கு. ஊராட்சி அலுவலகத்துக்கே இடம் கொடுத்தவர் என் தகப்பனார். ஏழு மனு போட்டேன். மூன்று ஊராட்சிகளும் சேர்ந்து ஒப்புதல் தந்தால்தான் கோடு நகருமாம்.

இன்று காலை என் மனைவி அழகுநாச்சிக்கு மூச்சுத் திணறியது. ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. வரைபடத்தில் வீடு இல்லாத இடத்துக்கு அது வராது.

ஊராட்சிச் செயலர் ரெஜினாவைக் கைத்திரையில் அழைத்துப் பிடித்தேன்.

"ஐயா, ஆக்கிரமிச்சுக் குடியிருக்கோம்னு ஒத்துக்கிட்டு விரல் வைங்க. அதுக்கு மூணு ஊராட்சி ஒப்புதல் வேணாம். வீடு உடனே மேப்புல ஏறிரும், வண்டி வந்துரும்."

"எங்கப்பா குடுத்த இடத்துல உக்காந்துக்கிட்டு என்னையத் திருடன்னு சொல்றியா?"

"நான் சொல்லலங்கய்யா, மேப் சொல்லுது."

என் விரல் நகரவில்லை. கட்டிலில் கிடந்த அழகுநாச்சி கை நீட்டித் திரையை வாங்கிக்கொண்டாள்.

"உங்க கௌரவத்த நீங்களே வச்சுக்கங்க. எனக்கு மூச்சு வேணும்."

விரல் வைத்தாள். ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்தது.

வரைபடத்தில் எங்கள் வீடு முளைத்திருந்தது. ஆக்கிரமிப்பாளர், அழகுநாச்சி. அதற்குக் கீழே, உடன் வசிப்பவர் என்று என் பெயர்.