கீழ்ச்சுவர் ஓட்டை

பங்குனி வெயிலில் எஜமான் வீட்டுக் குளிக்கும் குளம் தினமும் நாலு விரல் வற்றியது. கொத்தன் சுடலையாண்டி தண்ணீரில் தவிடு தூவினான். தவிடு கீழ்ச்சுவரோரம் போய்ச் சுழன்றது.

"ஓட்டை அங்கதாம்லே. இண்ணைக்கே அடைக்கணும். இல்லேன்னா இந்த ஊர்ல உனக்குக் கொத்துவேலை கிடையாது" என்றார் எஜமான்.

சுடலையாண்டியின் மனைவி தாணம்மாள் அவன் கையைப் பிடித்தாள். "எறங்காதேயும், உம்மக் கும்பிடுதேன்."

"புருசன் முங்கிச் செத்துருவான்னு பயப்படுதியாட்டி?" எஜமான் சிரித்தார்.

சுடலையாண்டி சுண்ணாம்புக் காரையோடு மூன்று முறை முங்கி எழுந்தான். தவிடு அசையாமல் நின்றது. எஜமான் திருப்தியாக உள்ளே போனார்.

தாணம்மாள் அழுதாள். "அந்தக் கசிவுதான நம்ம தெருக் கிணத்துல ஊறிச்சு! இவிய குளத்துல நம்ம குடத்த முக்க விடுவாவளா?"

"மேல மட்டும்தாண்டி காரை. உள்ள வச்சது களிமண்ணு, கரைஞ்சு மறுபடி கசியும். நாலு நாள் தாகம் பொறு."