சிவப்புக் கோடு

"என் பிள்ளைங்கன்னு எல்லாம் பார்க்க மாட்டேன். வரிசையிலதான் வரணும்."

அப்பா டார்ச்சைத் தட்டிக்கொண்டே சொன்னார். கார் பந்தயத் திடலில் வண்டிகளைச் சோதிப்பது அவர் வேலை. அவர் பச்சை ஸ்டிக்கர் ஒட்டாமல் எந்த வண்டியும் உள்ளே போக முடியாது.

இன்று யார் வேகமோ, அடுத்த வருஷம் கிளப் வண்டி அவருக்குத்தான். அவர் மகள் பெரியவளுக்கு அது வேண்டும். அவள் தம்பிக்கும் வேண்டும். நேற்றைய ஒத்திகையில் முந்தியது பெரியவள்.

முதலில் தம்பி வண்டி. அப்பா குனிந்து சக்கரத்துக்குள் வெளிச்சம் அடித்தார்.

"பெரிய பிரேக் டிஸ்க் போட்டிருக்கான். அது சூடேறாம இருக்க முன்னாலேர்ந்து காத்துக் குழாய். ரேடியேட்டரும் பெருசு." பக்கத்தில் நின்ற கிளப் செயலாளரிடம் அடுக்கிக்கொண்டே போனார். "அந்த போல்ட்டைப் பாருங்க சார். இறுக்கின கையோட ஒவ்வொண்ணுலயும் சிவப்பா ஒரு கோடு. போல்ட் தளர்ந்தா கோடு விலகும், பார்த்ததும் தெரிஞ்சிடும். வேலைன்னா இது வேலை."

பச்சை ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது.

தம்பி கையுறையை மாட்டினான், கழற்றினான், மறுபடி மாட்டினான்.

அடுத்தது பெரியவள் வண்டி. அதே டிஸ்க், அதே குழாய், அதே ரேடியேட்டர், போல்ட்டுகளில் அதே சிவப்புக் கோடு. அப்பா பிரேக்கை மிதித்துப் பார்த்தார். கல் மாதிரி நின்றது. அவர் முகமும் அப்படியேதான் இருந்தது.

சீட்டில் ஒரு சின்னக் குப்பி கிடந்தது. எடுத்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார்.

"என்னம்மா இது?"

"நகப்பூச்சுப்பா."

"அப்ப, போல்ட்டுல இருக்கிற கோடு?"

"அதான். சட்டுன்னு அழியாது."

"பிரேக்குக்கு நகப்பூச்சு." அப்பா செயலாளரைப் பார்த்தார். "இது பந்தய வண்டியா, அழகு நிலையமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "அப்படியே பம்பருக்கு உதட்டுச் சாயமும் பூசிடும்மா," என்றார் டயர்காரர்.

பெரியவளின் நகத்தில் பூச்சு கிடையாது, கிரீஸ்தான் இருந்தது. அதை யார் பார்த்தார்கள்.

"எதால கோடு போட்டா என்னப்பா? போல்ட்டைத் திருகிப் பாருங்க."

"மேல இருக்கிற போல்ட்டே இந்த லட்சணம்னா, உள்ளே எப்படியோ. விளையாட்டா பார்த்த வேலையை நம்பி நான் யாரையும் அனுப்ப மாட்டேன். ஓரமா நிறுத்து."

"ஒரே ஒரு சுத்து நீங்களே ஓட்டிப் பாருங்களேன்."

"வாதாடாதே. தம்பி வண்டியைப் பார்த்துக் கத்துக்கோ."

பெரியவள் தம்பியைப் பார்த்தாள். அவன் சீட்டுக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். அங்கே தேட ஒன்றுமே இல்லை.

செயலாளர் அப்பாவின் தோளைத் தட்டினார். "காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சும்பாங்க. நீங்க பெத்த பொண்ணுன்னுகூடப் பார்க்கலையே. மனுஷன்னா நீங்கதான் சார்."

"என்ன பண்றது. நியாயம்னு ஒண்ணு இருக்கே," என்ற அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைக்க அங்கே ஈரம் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

பெரியவள் வண்டியைத் தனியாகவே தள்ளி ஓரம் கட்டினாள். குப்பியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு தம்பியின் ஜன்னலுக்குப் போனாள். அவன் பெல்ட் முறுக்கிக் கிடந்தது. பழக்கதோஷம், நேராக்கி இழுத்துவிட்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல நீ."

"சொன்னா என்னையும் நிறுத்திடுவாருக்கா."

அவன் முன் கண்ணாடியை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. திடலுக்குள் வரச்சொல்லி விசில் ஒலித்தது.

"சரி, பயப்படாம மிதி, நிக்கும். என் வண்டியை இறுக்கின அதே கைதான் உன் வண்டியையும் இறுக்கிச்சு," என்றாள் பெரியவள். "கிளப் வண்டி கிடைச்சா, அதுக்காவது நீயே கோடு போட்டுக்கோ."