நனையாத கால்

அறுகம்பேயில் வெயில் சரிகிற நேரம். ஐந்து மாசக்காரி நிரோஜினி விடுதிக்கு முன்னால் மணலில் துவாயை விரித்து இருக்கிறாள். மடியில் கைப்பை, அதற்குள் பாக்குவெட்டி. பிள்ளைத்தாச்சி இரும்பில்லாமல் கடற்கரைக்குப் போகக்கூடாது, கடலில் கால் நனைக்கவே கூடாது என்று பாண்டிருப்பில் அம்மா திணித்துவிட்டது. "ரெண்டு நாள் சும்மா காத்து வாங்கிட்டு வருவம்" என்று கூட்டிவந்த புருசன் கிருஷாந்தனோ கடலில், வாடகைக்கெடுத்த அலைச்சறுக்குப் பலகையில் குப்புறக் கிடந்து அலைக்குக் காத்திருக்கிறான். பக்கத்துப் பலகையில் ஒரு வெள்ளைக்காரி. அலை வருகிறது. அவன் கவிழ்கிறான். வெள்ளைக்காரி எழும்பி நிற்கிறாள், மேடிட்ட வெறும் வயிறு வெயிலில் மினுங்க. "நிரோ, இஞ்ச பாரன்! இவவுக்கும் அஞ்சு மாசமாம்!" வாயிலிருந்த உப்புத்தண்ணியைத் துப்பிக்கொண்டு கத்துகிறான், முகமெல்லாம் சிரிப்பு. நிரோஜினி பார்க்கிறாள். அந்த வயிற்றில் கடல் வழிகிறது, வேண்டாம் என்று சொல்ல ஒருவருமில்லை. நிரோஜினியின் வயிறு சுரிதாருக்குள் வேர்த்துப் புழுங்குகிறது. கடலும் அந்த வெள்ளைக்காரிக்கு, இவனுடைய இந்தச் சிரிப்பும் அவளுக்கா? அப்போதுதான் உள்ளே சுண்டியது போல ஓர் அசைவு. சட்டென்று கையால் பொத்துகிறாள். எத்தனையோ இரவுகள் கிருஷாந்தன் அவள் வயிற்றில் காதை வைத்துக் காத்துக்கிடந்த முதல் உதை. அவன் பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்து முழங்காலில் நிற்கிறான்.

"என்ன, வயித்தப் பொத்திட்டு இருக்காய்? பிள்ளை அசைஞ்சிச்சா?"

"இல்ல," என்கிறாள் நிரோஜினி. "ஈரக்கையால தொடாதீங்க."

அவள் உள்ளங்கைக்குள் இன்னோர் உதை.