தனித் தடத்தின் முதலிடம்

கண்டியின் நீச்சல் தடாகத்தில் மாலை வெயில் உடைந்து மிதக்கிறது. எழுபதைத் தாண்டியோர் பிரிவில் தனியொருவராக நீந்திய இராஜரத்தினம் சுவரைத் தொட்டு, பந்தய வழக்கப்படி பக்கத்துத் தடத்தைப் பிரிக்கும் கயிற்றுக்கு மேலாகக் கை நீட்டுகிறார்; குலுக்க எவருமில்லை. "முதலிடத்துப் புள்ளி முழுசாக் கெடச்சிட்டு ஐயா, கப் நமக்குத்தான்!" என்று கரையில் குதிக்கிறார் அவரது அணித்தலைவர் ஹில்மி. அந்தப் புள்ளியால் கிண்ணத்தை இழந்த அணியின் தர்ஷிகா, இளையோர் பிரிவில் ஏழு பேரோடு மூச்சுத் திணறப் போராடி நான்காவதாக வந்தவள், ஈரத் தோளில் துவாயைப் போர்த்தியபடி அவரை நோக்கிக் குனிகிறாள். "எங்க தாத்தாவுக்கு எழுபத்தஞ்சு, அங்கிள். அடுத்த வருசம் கூட்டிட்டு வர்றேன்." "நீந்துவாரா?" "மிதந்தாலே போதுமே!" இராஜரத்தினம் விதியை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கிறார்: மிதந்து கரை சேர்ந்தாலும் இரண்டாமிடத்துப் புள்ளி உண்டு. சிரிப்பதா, மறுபடி தண்ணீருக்குள் தலையை விடுவதா என்று தெரியாமல், ஏணிப்படியில் ஒரு காலை வைத்தபடியே நிற்கிறார்.